பாஸ்கா மேசையும் இரண்டாம் ஷிப்டும்

காட்டுப்பள்ளித் துறைமுகத்திலும் சுற்றியுள்ள ஆலைகளிலும் உழைக்கும் குடும்பங்களுக்குப் பெரிய வியாழன் விடுமுறை நாள் அல்ல. சில ஆண்டுகளுக்கு முன், கேரளத்தினின்று வந்து மீஞ்சூரில் வாடகைக்குக் குடியிருந்த தாய் ஒருவர், "அச்சா, அவருக்கு இரண்டாம் ஷிப்டு. வீடு வர இரவு 11 மணியாகும். பெசஹா அப்பத்தை வெள்ளிக்கிழமை பிட்டால் குற்றமா?" என்று நம்மிடம் வினவினார். பூசைக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில், "எப்போது பிட்டால் என்னம்மா!" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். அந்த மறுமொழி பின்னர் நம்மை உறுத்திற்று. உண்ணா நோன்பு நாளில் அப்பம் பிடுவதா என்பதுதானே அவருடைய கலக்கம்!

வாசகர்களுள் சிலர் இவ்வழக்கத்தை அறிந்திரார். அரிசி மாவும் உளுந்தும் சேர்த்து, புளிக்க வைக்காமல் ஆவியில் வேகவைக்கும் அப்பம் இது. குருத்து ஞாயிறன்று கொணர்ந்த ஓலையைச் சிலுவையாக அதன்மேல் பதிப்பர். குடும்பத் தலைவர் செபித்துப் பிட்டுத் தர, வெல்லமும் தேங்காய்ப் பாலும் சேர்ந்த பாலோடு அனைவரும் உண்பர். அவ்வாண்டில் சாவு நேர்ந்த வீட்டில் இதனைச் செய்வதில்லை; அண்டை வீட்டார் கொண்டுபோய்க் கொடுப்பர்.

இதன் வேர் யூதரின் பாஸ்கா விருந்து. அவ்விருந்தோ காலத்திற்கேற்ப மாறியே வந்துள்ளது. கி.பி. 70இல் எருசலேம் ஆலயம் இடிந்தபின் ஆட்டுக்குட்டிப் பலி நின்றது. மேசைத் தட்டில் ஓர் எலும்பு மட்டும் அதன் நினைவாயிற்று. நம் நாட்டுக் கொங்கணக் கரையில் வாழ்ந்த பெனே இஸ்ரயேலர் எண்ணெய் ஆட்டும் தொழிலினர். ஓய்வுநாளில் செக்கு ஓட்டாமையால் 'சனிக்கிழமை எண்ணெய்க்காரர்' என்றே ஊரார் அவர்களை அழைத்தனர். திராட்சை இரசம் கிட்டாதபோது உலர்ந்த திராட்சையை நீரில் ஊறவைத்துப் பிழிந்து ஆசீர்வதித்தார்கள். இறைச்சியோடு பால் சேரலாகாது என்பது அவர்கள் சட்டம். எனவே குழம்பிலே தேங்காய்ப் பால் ஊற்றினார்கள். தேங்காய் இருக்கும் ஊரில் சட்டம் காப்பது அத்துணைக் கடினமன்று போலும்! எலியா இறைவாக்கினரின் நினைவாக அவல், தேங்காய்த் துருவல், சர்க்கரை, பழங்கள் சேர்த்து 'மலீதா' படைப்பதும் அவர்கள் வழக்கமே. இஸ்ரயேல் நாட்டில் குடியேறிய பின்னும் அதனை அவர்கள் விடவில்லை.

நேரத்தைப் பற்றிய அத்தாயின் கேள்விக்கு மறுமொழி எண்ணாகமம் 9ஆம் அதிகாரத்திலேயே இருந்தது. பிணத்தைத் தொட்டுத் தீட்டுப்பட்டமையால் பாஸ்கா கொண்டாட இயலாத சிலர், "நாங்கள் மட்டும் விலக்கப்படுவதேன்?" என மோயீசனிடம் முறையிட்டனர். அவர்களுக்கும் தொலைவான பயணத்தில் இருப்போர்க்கும் ஒரு மாதம் கழித்து, இரண்டாம் மாதம் 14ஆம் நாளை ஆண்டவர் குறித்துக் கொடுத்தார். இதனை எடுத்துரைத்து, "நோன்பு நாளில் வேண்டாம், பாஸ்கா ஞாயிறுக்குப் பின் அவர் வீட்டிலிருக்கும் நாளில் வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லியிருக்கலாம்.

பெரிய சனியன்று அவரைத் தேடிப் போனோம். வியாழன் இரவே முடித்துவிட்டாராம். கணவர் வந்து குளித்தபின், உறங்கிய பிள்ளைகளை எழுப்பி உட்கார வைத்தார்களாம். சின்னவன் பாலைக் குடித்துவிட்டு அப்பத்தைக் கையில் பிடித்தபடியே மீண்டும் உறங்கிப்போனானாம்.