மானுக்கு எத்தனை கிரெயின்?

அன்று ஹாஸ்டலில் கரண்ட் இல்லை. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கென்னத் ஆண்டர்சனின் வேட்டைக் கதைகளைப் படித்து முடித்த ரூம்மேட் கேட்டான்: "டேய், நீ பென்னாகரத்துக்காரன்தானே? மானைச் சுட எத்தனை எடையில குண்டு வேணும்?"

ஆண்டர்சன் தன் முதல் புத்தகத்தை வெளியிட்டது 1954-இல். அவர் சுற்றித் திரிந்த பென்னாகரம், ஒகேனக்கல், அஞ்செட்டிக் காடுகள் அப்போது சேலம் மாவட்டம். தர்மபுரி தனி மாவட்டமானது 1965-இல்தான். காடு நம்முடையது, கேள்விக்கான விடையும் நம் முதலாண்டு மெக்கானிக்ஸ் நோட்டிலேயே இருக்கிறது நண்பர்களே!

முதலில் ஒரு திருத்தம். தோட்டா வேறு, குண்டு வேறு. பித்தளைக் கூடு, மருந்து, குண்டு எல்லாம் சேர்ந்தது தோட்டா. பறந்து போவது குண்டு மட்டுமே. அதன் எடையைக் 'கிரெயின்' என்பார்கள். 7000 கிரெயின் ஒரு பவுண்டு. நம் ஊர் குன்றிமணி ஒன்று ஏறக்குறைய 2 கிரெயின்.

ஆண்டர்சனின் .405 வின்செஸ்டர் ரைபிளின் குண்டு 300 கிரெயின், அதாவது 19.4 கிராம். கிட்டத்தட்ட இரண்டரைப் பவுன் நகையின் எடை! வேகம் வினாடிக்கு 670 மீட்டர். அரை எம் வி ஸ்கொயர் போட்டுப் பாருங்கள்: சுமார் 4370 ஜூல். நூறு கிலோ மூட்டையை நாலரை மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் வரும் சக்தி.

அப்படியானால் எடை கூடக் கூட நல்லதா? அதுதான் இல்லை. ராணுவத்தின் .303 ரைபிளுக்கு முதலில் 215 கிரெயின் மொண்ணைக் குண்டு. 1910-இல் 174 கிரெயின் கூர்முனைக் குண்டு வந்தது. எடை குறைந்தது, வேகமோ 2060 அடியிலிருந்து 2440 அடியானது. சக்தியும் 2750 ஜூலிலிருந்து 3120 ஆக ஏறியது. சூத்திரத்தில் வேகத்துக்குத்தானே ஸ்கொயர்! வேகமான குண்டு வழியில் அதிகம் தாழாமல் நேராகப் போகும். ஆனால் ஒரே குறுக்களவில் கனமான குண்டு நீளமாக இருக்கும். உடலுக்குள் ஆழமாக இறங்கும். அதனால்தான் வேட்டைக்கு அனுமதியுள்ள அமெரிக்காவில், .30-06 ரைபிளில் சாதாரண மானுக்கு 150 கிரெயினும், குதிரை அளவு வளரும் எல்க் மானுக்கு 180 கிரெயினும் போடுவது வழக்கம். நம் என்.சி.சி. மாணவர்கள் சுடும் .22 குண்டு 40 கிரெயின்தான். சுமார் 140 ஜூல். அதில் மான் விழாது, காயத்தோடு ஓடும்.

குண்டின் முனையும் முக்கியம். கல்கத்தா அருகே டம்டம் ஆயுதச் சாலையில் 1890-களில் முனை விரியும் குண்டு செய்தார்கள். 1899 ஹேக் மாநாடு அதைப் போரில் தடை செய்தது. வேட்டையில் மட்டும் இன்றும் மென்முனைக் குண்டுதான். மனிதனுக்குக் கொடுமை, மானுக்கு இரக்கமா என்று கேட்காதீர்கள். உள்ளே விரிந்தால் மிருகம் அங்கேயே விழும். ஊடுருவிப் போனால் ரத்தம் சொட்டச் சொட்ட ஓடும். இத்தனை கணக்கும் அந்த ஓட்டத்தைத் தவிர்க்கத்தான்.

இப்போது நம் ஊர் நாட்டுத் துப்பாக்கிக்கு வாருங்கள். அதில் போடுவது சைக்கிள் பால்ரஸ். 6 மில்லிமீட்டர் இரும்பு உருண்டையின் எடை ஒரு கிராம்கூட இல்லை. ஆண்டர்சன் குண்டில் இருபதில் ஒரு பங்கு! இரும்பு விரியாது. குழலுக்குள் புரி இல்லாததால் குண்டு சுழலாது, குறியும் நிற்காது. நாலைந்து உருண்டை ஆளுக்கொரு பக்கம் போகும்.

என் தாத்தாவிடம் அப்படி ஒன்று இருந்தது, ராகிக் காவலுக்கு. ஒரு மாசி மாதம் ஓடைப் பள்ளத்தில் ஒரு பெட்டைமான் கிடந்ததாம். தொடையில் பால்ரஸ், புண்ணில் புழு. உயிர் மட்டும் இருந்தது.

"நாலு நாளைக்கு முந்தி நான் சுட்டதுதான் கண்ணு. தப்பிச்சுப் போச்சுன்னு அன்னிக்குச் சிரிச்சுக்கிட்டே வந்தேன். அது என்னையே பாத்துது. அதுக்கப்புறம் கை வரல."

பிறகு தாத்தாவே துப்பாக்கியைக் கொண்டுபோய் போலீஸில் ஒப்படைத்தார்.

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். நம் காடுகளில் பெரும்பகுதி 2014 முதல் காவேரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம். அதற்குள் வேட்டையாடினால் குறைந்தது 3 ஆண்டு சிறை. ஆனால் தாத்தாவைத் திருத்தியது சட்டமல்ல, அந்தப் பார்வை.

லேத் ஓட்டத் தெரிந்த நம்மிடம், "தம்பி, ஒரு குழாய் கடைஞ்சு கொடுப்பா" என்று ஊரில் யாராவது கேட்கலாம். கேட்பவர் மாமாவாகவும் இருக்கலாம். அப்போது இந்தக் கணக்கை அவருக்குப் போட்டுக் காட்டுங்கள். அந்தப் பெட்டைமான் கதையையும் சொல்லுங்கள்.

ரூம்மேட் மறுபடி கேட்டான், "சரிடா, கடைசியா எத்தனை கிரெயின்?"

"நம்ம ஊர் மானுக்கு சைபர்" என்றேன். கரண்ட் வந்துவிட்டது.