ஆண் காடைகள் சண்டையிடுவது ஏன்?

காடை வளர்ப்பில் முதல் ஐந்து வாரங்கள் பெரும்பாலும் அமைதியாகவே கழியும். ஆறாவது வாரத்தில்தான் தொல்லை தலைகாட்டும். காலையில் கூண்டைப் பார்த்தால் ஒரு பறவை தலைத்தோல் உரிந்து மூலையில் ஒடுங்கிக் கிடக்கும். மறுநாள் இன்னொன்றுக்குக் கண் போயிருக்கும். ஏதோ நோய் கண்டுவிட்டது என்று மருந்துக் கடைக்கு ஓடுவோர் உண்டு. அந்தச் செலவு வீண். ஆண் காடைகள் பருவமடைந்துவிட்டன என்பதே இதன் பொருள்.

மணச்சநல்லூர், லால்குடிப் பக்கம் நூறு இருநூறு குஞ்சுகள் விட்டு வளர்க்கும் சிறு விவசாயியானாலும், குழந்தைகளின் ஆசைக்காக ஸ்ரீரங்கத்தில் வீட்டு மாடியில் நான்கைந்து காடை வைத்திருப்பவரானாலும் இத்தொல்லை ஒன்றே. சொல்லப்போனால், சிறு கூண்டில் துரத்தப்படும் பறவைக்கு ஒதுங்க இடமில்லாததால் சேதம் அதிகம்.

இன்று பண்ணைகளில் வளர்க்கப்படுவது ஜப்பானியக் காடை. 1974-ல் அமெரிக்காவின் கலிபோர்னியாவிலிருந்து இசத்நகருக்குக் கொண்டுவரப்பட்டு, பின்னர் நாடெங்கும் பரவியது. தமிழ்நாட்டில் இதிலிருந்தே நந்தனம் காடை, நாமக்கல் காடை ஆகியவை உருவாக்கப்பட்டன. வயல்வெளிகளில் திரியும் காட்டுக் காடை வேறு. அதைப் பிடிப்பதும் கூண்டில் அடைப்பதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். காடையின் சண்டைக் குணம் நம்மவர்க்குப் புதிதும் அல்ல. குறும்பூழ் என்ற பெயரில் காடைப்போர் கலித்தொகையிலேயே பேசப்படுகிறது. லக்னோவில் இதற்கென்றே காடைகளைப் பழக்கி வந்தார்கள். வேடிக்கை பார்த்தவர்களுக்கு அது பெருமை. கூண்டு வைத்திருப்பவருக்கு நட்டம்.

ஆண், பெண் எண்ணிக்கையைச் சரிசெய்வதே இதற்குத் தலையாய பரிகாரம். மற்றவை எல்லாம் இதற்குப் பின்னர்தான். மூன்று வாரம் முடிந்ததும் குஞ்சுகளைக் கையில் எடுத்து மார்பைப் பார்க்க வேண்டும். ஆணின் மார்பு இறகு புள்ளியின்றிச் செம்பழுப்பாக இருக்கும். பெண்ணுக்குச் சாம்பல் கலந்த நிறத்தில் கரும்புள்ளிகள் தெரியும். வெள்ளை இறகுள்ள காடைகளில் இவ்வாறு பிரிக்க இயலாது. ஐந்து, ஆறு வாரம் பொறுத்திருந்து எச்சத்துவாரத்துக்கு மேலே பார்க்க வேண்டும். ஆணுக்கு அங்கே சிவந்து பருத்த சுரப்பி இருக்கும். மெல்ல அழுத்தினால் வெண்ணுரை வரும். உரக்கக் கூவுவதும் ஆண்தான்.

குஞ்சு பொரிக்க முட்டை எடுப்பவர்கள் இரண்டு அல்லது மூன்று பெண்ணுக்கு ஓர் ஆண் வைத்தால் போதும். ஒரு பெண்ணுக்கு ஓர் ஆண் என்று ஜோடியாக வைப்பது தவறு. ஆண் இனச்சேர்க்கையின்போது பெண்ணின் கழுத்து இறகைக் கவ்விப் பிடிக்கும். ஒரே பெண் இருந்தால் அதன் தலையும் கழுத்தும் மொட்டையாகிப் புண்ணாகிவிடும். சாப்பாட்டு முட்டைக்காக மட்டும் வளர்ப்பவர்களுக்கு ஆண் காடையே தேவையில்லை. ஆண் இல்லாமலும் பெண் முட்டையிடும் என்பது தெரியாமல், தீனியும் போட்டுச் சண்டையையும் வளர்ப்பவர்கள் பலர். மிகுதியான ஆண்களை ஐந்தாவது வாரத்திலேயே இறைச்சிக்கு விற்றுவிடலாம். சண்டை தொடங்குமுன் விற்றால் காயமில்லாத பறவைக்கு உரிய விலை கிடைக்கும்.

விற்க மனமில்லாதவர்கள், அல்லது வாங்க ஆள் வரும்வரை வைத்திருக்க வேண்டியவர்கள், ஆண்களைப் பெண் கண்ணில் படாத தனிக் கூண்டில் விட்டு வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும். நாளொன்றுக்கு எட்டு மணி நேர வெளிச்சம் மட்டுமே கிடைத்தால் விதைப்பை சுருங்கி மூர்க்கம் தணியும். இது ஒரே நாளில் நடப்பதல்ல, சில வாரம் ஆகும். குளிர்நாடுகளில் பனிக்காலத்துக் குறுகிய பகலே இந்த வேலையைச் செய்துவிடுகிறது. திருச்சியிலோ மார்கழியில்கூட ஏறத்தாழ பதினொன்றரை மணி நேரப் பகல் உண்டு. ஆகவே நாமாகத்தான் இருட்டாக்க வேண்டும். அதற்காகக் கூண்டைச் சாக்கால் சுற்றிக் கட்டிவிடக் கூடாது. சித்திரை, வைகாசி வெயிலில் பறவை மூச்சு முட்டிச் செத்துவிடும். கூண்டுக்கும் திரைக்கும் இடையே ஒரு முழம் இடைவெளி விட்டு, காற்று புகும்படி மறைக்க வேண்டும். முட்டைக் காடைக்குப் பதினாறு மணி நேர வெளிச்சம் தேவை என்பதால் இரண்டையும் ஒரே விளக்கின் கீழ் வைக்கவும் இயலாது.

ஒரு சதுர அடிக்கு ஐந்து காடைக்கு மேல் வேண்டாம். தீனித் தொட்டியும் தண்ணீரும் ஒரே மூலையில் இருந்தால் வலுத்த ஆண் அதைக் காவல் காக்கும். இரண்டு இடங்களில் வைத்தால் எளிய பறவையும் தின்னும். கோழிக்கான முட்டைத் தீவனத்தைக் காடைக் குஞ்சுக்குப் போட்டு வளர்த்தால் புரதம் போதாமல் ஒன்றையொன்று கொத்தும். முதல் மூன்று வாரத்தில் நூறு கிலோ தீவனத்தில் இருபத்தைந்து கிலோ அளவுக்காவது புரதம் இருக்க வேண்டும். உப்புக் குறைவும் கொத்தும் பழக்கத்தைத் தூண்டும்.

பழைய கூட்டத்துக்குள் புதிய ஆணைப் பட்டப்பகலில் விடுவது சண்டைக்கு அழைப்பு வைப்பது போலாகும். புதிதும் பழையதுமாக எல்லாவற்றையும் பொழுது சாய்ந்தபின் வேறு கூண்டுக்கு ஒருசேர மாற்றினால் எந்தப் பறவைக்கும் "என் இடம்" என்ற உரிமை இராது. மறுநாள் காலை அரைமணி நேரம் நின்று பார்க்க வேண்டும். விடாமல் துரத்துகிற பறவை ஒன்றே ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். அதை எடுத்துவிட்டால் கூண்டு அடங்கும்.

அலகு நுனியை வெட்டிவிடும் வழக்கம் பெரிய பண்ணைகளில் உண்டு. பத்து இருபது காடை வைத்திருப்பவர்கள் அதில் இறங்க வேண்டாம். அளவு தவறினால் இரத்தம் கொட்டும், பறவை தீனி எடுக்காது. சண்டையும் நிற்பதில்லை, காயம்தான் குறைகிறது.

காயம்பட்ட பறவையை உடனே பிரிக்க வேண்டும். சிவப்பைக் கண்டால் மற்றவை மேலும் கொத்தும். புண்ணைச் சுத்தமான நீரில் கழுவி, போவிடோன் அயோடின் களிம்பு தடவி, புண் ஆறி இறகு முளைக்கும் வரை தனியே வைக்கலாம். கண்ணில் அடிபட்டிருந்தால் வீட்டு வைத்தியம் கூடாது. கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். குஞ்சு வாங்குமுன் ஆலோசனை கேட்க விரும்பும் ஸ்ரீரங்கம் வட்டார விவசாயிகள் சிறுகமணி வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம்.