பிட் பைக்குக்கு எந்த இன்ஜின்?

பிட் பைக் வாங்கியவர்கள் சில மாதங்களிலேயே கேட்கும் கேள்வி, "இதில் எத்தனை சிசி வரைக்கும் போடலாம்?" என்பது. ஓட்டப்போவது யார், அவர் எடை என்ன, எப்படிப்பட்ட தரை என்பதைச் சொல்லாமல் இதற்குப் பதில் கிடைக்காது. எட்டு வயதுப் பிள்ளைக்கும் எழுபது கிலோ ஆளுக்கும் ஒரே இன்ஜின் சரிப்படாது.

மோட்டோகிராஸ் பந்தயங்களில், வண்டிகளைத் தயார் செய்யும் பிட் பகுதிக்குள் போய்வர வைத்திருந்த குட்டி வண்டிகளிலிருந்து பிறந்தவை பிட் பைக்குகள். இவற்றின் இன்ஜினுக்கு வேர், 1958-இல் வந்த ஹோண்டா சூப்பர் கப். தரைக்கு ஏறக்குறைய இணையாகப் படுத்திருக்கும் ஒற்றை சிலிண்டர். 1960-களில் கேம் ஷாஃப்ட் ஹெட்டுக்கு ஏறியது. அந்த அமைப்புதான் சிறிய மாற்றங்களோடு இன்றும் ஓடுகிறது. மலேசியாவில் கப்சாய் என்று அழைக்கப்படும் பழைய ஹோண்டாக்களும், யாழ்ப்பாணத்துத் தெருக்களில் பல காலம் ஓடிய எம்டி90-உம் இதே வம்சம். லிஃபான், ஒய்எக்ஸ், ஜோங்ஷென் போன்ற சீன நிறுவனங்கள் இதே அச்சில் பெரிய இன்ஜின்களைச் செய்கின்றன. சட்டத்தில் பூட்டும் போல்ட் துளைகள் பெரும்பாலும் ஒத்துப்போவதால்தான், ஐம்பது சிசி வண்டியில் நூற்று நாற்பது சிசியை ஏற்றும் ஆசை எல்லோருக்கும் வருகிறது.

சிசி என்பது எளிய கணக்கு. பிஸ்டன் ஓடும் துளையின் குறுக்களவு போர். பிஸ்டன் மேலிருந்து கீழே வரும் தூரம் ஸ்ட்ரோக். ஹோண்டா சிஆர்எஃப்50எஃப்-இல் போர் 39 மி.மீ., ஸ்ட்ரோக் 41.4 மி.மீ.; கொள்ளளவு 49 சிசி. ஸ்ட்ரோக்கைத் தொடாமல் போரை மட்டும் 52 ஆக்கினால் 88 சிசி வந்துவிடும். போர் மூன்றில் ஒரு பங்குதான் கூடியது. கொள்ளளவோ இரட்டிப்பை நெருங்குகிறது. வட்டத்தின் பரப்பு குறுக்களவின் வர்க்கத்தில் வளர்வதே காரணம். 125 என்று விற்கும் இன்ஜின்களில் பல 54க்கு 54; ஒய்எக்ஸ் 140 என்பது 56க்கு 57. பெயரில் உள்ள எண்ணை நம்பாமல் இந்த இரண்டு அளவுகளையும் கேட்டு வாங்குங்கள். விற்பவர் சொல்லும் குதிரைத்திறனைவிட இவை உண்மை பேசும்.

இருக்கும் இன்ஜினைப் பெரிதாக்குவது ஒரு வழி. சிலிண்டர், பிஸ்டன், கேஸ்கெட் அடங்கிய கிட்டை வாங்கி மாட்டினால் முடிந்தது என்று தோன்றும். ஆனால் கிராங்க்கும் அதன் பேரிங்கும் கிளட்சும் ஐம்பது சிசிக்காக அளந்து செய்தவை. முதலில் கிளட்ச் வழுக்கும்; அழுத்தமான ஸ்பிரிங் போடவேண்டிவரும். கூடுதல் சூட்டைத் தணிக்க ஆயில் கூலர் தேவைப்படலாம். ஓர் அளவுக்கு மேல் பெரிய லைனர் இறங்க, கிராங்க்கேஸின் வாயை லேத்தில் கடைந்தாகவேண்டும். இத்தனையும் செய்தபின் செலவைக் கூட்டிப் பார்த்தால் புது இன்ஜின் விலையை நெருங்கியிருக்கும். பிள்ளை கொஞ்சம் வளர்ந்துவிட்டான், சற்று இழுவை போதும் என்றால் 88 சிசி நல்ல தேர்வு. அதற்கு மேல் வேண்டுமென்றால், துண்டு துண்டாகக் கட்டுவதைவிட முழு இன்ஜினையே மாற்றுவது நல்லது என்பதே என் கருத்து. அந்த சக்திக்கென்றே அளவெடுத்த கிராங்க், கிளட்ச், கியர் எல்லாம் ஒன்றாக வந்துவிடும்.

மாற்றுமுன் சில அளவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். போல்ட் துளைகளுக்கு இடையிலான தூரம், முன்சக்கரம் பள்ளத்தில் அமுங்கும்போது சிலிண்டர் ஹெட்டில் இடிக்குமா, கார்புரேட்டர் சட்டத்தில் முட்டுமா, இரு ஸ்பிராக்கெட்டுகளும் ஒரே கோட்டில் நிற்குமா. சைலன்சர் குழாய் பெரும்பாலும் மாறும். இக்னிஷன் வயரிங்கில் சிடிஐ, காயில், இன்ஜினுக்குள் இருக்கும் ஸ்டேட்டர் மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தவேண்டும். கிளட்ச் தானியங்கியா கைப்பிடியா என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள். சிஆர்எஃப்50எஃப்-இல் கிளட்ச் லீவரே கிடையாது. சிறுவர்களுக்கு அது பெரிய வசதி. 140 சிசியில் கைக் கிளட்ச் இல்லாமல் மண் மேட்டில் ஏறுவது சிரமம். எந்த கியரில் இருந்தாலும் கிக் அடித்து ஸ்டார்ட் செய்யமுடிகிறதா என்றும் கேளுங்கள். ஏற்றத்தில் வண்டி நின்றுபோய், நியூட்ரலைத் தேடித் தவிக்கும் நேரத்தில் இதன் அருமை தெரியும்.

இன்ஜின் வளர்ந்தால் காற்றும் பெட்ரோலும் அதற்கேற்ப வளரவேண்டும். 140 சிசிக்கு 26 மி.மீ. கார்புரேட்டர் பரவலாகப் பயன்படும் அளவு. அதைவிடப் பெரிதாகப் போட்டால் உச்ச வேகத்தில் சக்தி கொஞ்சம் கூடும். கீழ் வேகத்தில் பிக்கப் மந்தமாகும். மெயின் ஜெட்டை சரிசெய்ய, முழு த்ராட்டிலில் ஓட்டி உடனே இன்ஜினை நிறுத்தி பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். இளம்பழுப்பு நிறம் சரி. கருப்புக் கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. இதுதான் ஆபத்தான பக்கம், சூடு ஏறி பிஸ்டன் சிக்கிக்கொள்ளும். ஏர் ஃபில்டரையோ சைலன்சரையோ மாற்றினாலும் ஜெட்டை மறுபடி பார்க்கவேண்டும்.

பலர் கவனிக்காமல் விடும் மலிவான வழி ஒன்று உண்டு: ஸ்பிராக்கெட். முன்பக்கத்தில் ஒரு பல் குறைத்தால் போதும், இழுவை கூடுவதை ஓட்டுபவரே உணர்வார். உச்ச வேகம் சற்றுக் குறையும். இன்ஜின் மாற்ற நினைப்பவர்களில் பாதிப்பேருக்கு இதுவே போதும் என்று நினைக்கிறேன்.

பிரேக்கைப் பற்றி அழுத்திச் சொல்லவேண்டும். சிஆர்எஃப்50எஃப் ஐம்பது கிலோ வண்டி. முன்னும் பின்னும் டிரம் பிரேக், பத்து அங்குல சக்கரம். அதில் மூன்று மடங்கு இன்ஜினை ஏற்றிவிட்டு அதே பிரேக்கோடு ஓடவிடுவது யாருக்கும் நல்லதல்ல, பிள்ளைகளுக்கு நிச்சயமாக அல்ல. முன்பக்க டிஸ்க், கனமான ஃபோர்க் ஸ்பிரிங், வலுவூட்டிய சட்டம் ஆகியவற்றுக்கும் சேர்த்தே பணம் ஒதுக்குங்கள். அந்த வண்டியின் த்ராட்டிலில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் திருகு ஒன்று உண்டு. பழகும் வயதில் அதை இறுக்கி வையுங்கள்.

புது இன்ஜின் வந்தவுடன் அதில் உள்ள எண்ணெயை வடித்து நல்ல எண்ணெய் ஊற்றுங்கள். கிளட்ச் எண்ணெயில் மூழ்கியே சுழல்வதால், டப்பாவில் ஜாஸோ எம்ஏ என்ற குறியீடு இருக்கவேண்டும். கார் எண்ணெயில் கிளட்ச் வழுக்கலாம். சிஆர்எஃப்50எஃப் போன்ற ஹோண்டாவின் சிறிய இன்ஜின்களில் காகித ஃபில்டர் கிடையாது, சல்லடையும் மையவிலக்கு வடிகட்டியும்தான். அதனால் எண்ணெயை அடிக்கடி மாற்றுவதே இன்ஜினின் ஆயுள். முதல் சில மணி நேரம் ஒரே வேகத்தில் ஓட்டாமல், ஏற்றி இறக்கி ஓட்டினால் பிஸ்டன் ரிங் நன்றாகப் படியும். பிறகு எண்ணெயை மறுபடி மாற்றி, இன்ஜின் ஆறியிருக்கும்போது டாப்பெட் இடைவெளியைப் பாருங்கள். ஹோண்டா 50-க்கு அது 0.05 மி.மீ. மற்ற இன்ஜின்களுக்கு அதனதன் கையேட்டில் உள்ள அளவை வையுங்கள். இடைவெளி அற்றுப்போனால் வால்வு சரியாக மூடாது. கிக் அடித்தும் ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடிக்கும் பல வண்டிகளுக்கு அதுதான் காரணம்.