உஷார்! கட்டிய மார்ஜினோடு நஷ்டம் நிற்காது

2020 ஏப்ரல் 20. ஊரடங்கு காரணமாக எம்.சி.எக்ஸ் கமாடிட்டி சந்தை அன்று மாலை 5 மணிக்கே மூடிவிட்டது. அன்றோடு முடிகிற கச்சா எண்ணெய் ஒப்பந்தத்தின் கடைசி விலை, பேரலுக்கு 965 ரூபாய். அன்றிரவு அமெரிக்கச் சந்தையில் விலை பூஜ்யத்தையும் உடைத்துக்கொண்டு இறங்கி, மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. எண்ணெயைச் சேமிக்க இடமில்லாமல், கையிலிருந்து பணம் கொடுத்தாவது ஒப்பந்தத்தைத் தள்ளிவிடத் துடித்தார்கள் அங்கே. நம் ஒப்பந்தம் அந்த விலையை ஒட்டியது. அதனால் இங்கே மைனஸ் 2,884 ரூபாய்க்குக் கணக்கு முடிக்கப்பட்டது.

ஒரு லாட் என்பது 100 பேரல். 965 ரூபாய் விலையில் ஒரு லாட் வாங்கியவருக்கு மொத்த மதிப்பே 96,500 ரூபாய்தான். நஷ்டமோ 3,84,900 ரூபாய்! சந்தை மூடிக் கிடந்ததால் விற்று வெளியேறவும் வழியில்லை. ஸ்டாப் லாஸும் கைகொடுக்கவில்லை.

‘போட்ட பணம்தானே போகும்’ என்று நினைத்து கமாடிட்டியில் இறங்குபவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை எழுதிப் பாருங்கள்.

ஒரே சரிவு, இரண்டு பேர்

முன்பேரச் சந்தை கெட்டதல்ல. சரக்கு வைத்திருப்பவருக்கு அது ஒரு குடை. ஒரு கிராம் தங்கம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கோவையில் நகைப் பட்டறை நடத்துபவர் 100 கிராம் வாங்கியிருக்கிறார். நகையாக்கி விற்க ஒரு மாதம் ஆகும். அதற்குள் விலை இறங்கினால்? அந்தப் பயத்துக்காக, 100 கிராம் கொண்ட ‘கோல்டு மினி’ ஒரு லாட்டை இன்றே விற்று வைக்கிறார். கிராமுக்கு 500 ரூபாய் இறங்கினால் தங்கத்தில் 50,000 ரூபாய் போகும். ஒப்பந்தத்தில் ஏறக்குறைய அதே தொகை வந்துவிடும்.

அதே லாட்டை, கையில் குந்துமணித் தங்கமும் இல்லாத ஒருவர், 10 சதவிகித மார்ஜினாக, அதாவது முன்பணமாக, ஒரு லட்சம் கட்டி வாங்குகிறார். விலை இறங்கியது 5 சதவிகிதம்தான். அவர் பணத்தில் பாதி காலி!

இந்த லாப நஷ்டம் தினமும் கணக்குப் பார்க்கப்படும். மார்ஜின் குறைந்தால் உடனே பணம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் புரோக்கரே உங்கள் பொசிஷனை முடித்துவிடுவார். மறுநாள் விலை ஏறினாலும் உங்களுக்குப் பயனில்லை. பட்டறைக்காரரே, உங்களுக்கும் ஒரு எச்சரிக்கை: தங்கம் ஏறினால் விற்று வைத்த லாட்டுக்கு நீங்கள் தினமும் ரொக்கம் கட்ட வேண்டியிருக்கும். அதற்குத் தனியாகப் பணம் வைக்காமல் இறங்காதீர்கள். உங்களிடம் இருக்கும் சரக்கின் அளவுக்கு மேல் ஒரு லாட்கூட விற்காதீர்கள்.

போன் வந்தால்...

‘மார்ஜின் குறைவு, வரி இல்லை, கான்ட்ராக்ட் நோட் வேண்டாம்’ என்று யாராவது அழைத்தால், அது டப்பா டிரேடிங். உங்கள் ஆர்டர் எக்ஸ்சேஞ்சுக்குப் போகவே போகாது. அது சட்டவிரோதம், பணம் போனால் எக்ஸ்சேஞ்சில் முறையிடவும் முடியாது.

* புரோக்கரின் செபி பதிவு எண்ணைச் செபி இணையதளத்தில் சரிபாருங்கள்.
* தனிநபரின் வங்கிக் கணக்குக்கோ, யு.பி.ஐ-க்கோ பணம் அனுப்பாதீர்கள்.
* ‘நாங்களே டிரேடு செய்து தருகிறோம்’ என்று சொல்லிக் கேட்டால் பாஸ்வேர்டு, ஓ.டி.பி எதையும் கொடுக்காதீர்கள்.
* லாட் அளவு, ஒப்பந்தம் முடியும் தேதி, டெலிவரி உண்டா என்ற மூன்றும் தெரியாமல் வாங்காதீர்கள். கடைசி நாள்வரை பிடித்து வைக்காதீர்கள்.
* ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள்.

பட்டறைக்காரர் இந்தச் சந்தைக்கு வந்தது, தன்னிடம் இருக்கும் தங்கத்தைக் காப்பாற்ற. ஆர்டர் போடுமுன் உங்களையே கேளுங்கள்: நான் எதைக் காப்பாற்ற வந்திருக்கிறேன்? பதில் வராவிட்டால், வீட்டுக் கடன் தவணையும் பிள்ளைகளின் படிப்புப் பணமும் வங்கியிலேயே இருக்கட்டும்.