குடியுரிமை விண்ணப்பம்: கோப்பு தூங்கலாம், வயது தூங்காது

கையில் சிவப்பு அடையாள அட்டை. இல்லையென்றால் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய பச்சை நிற மைகாஸ். அதுவும் இல்லையென்றால் ஒன்றுமே இல்லை. சுங்கை பட்டாணி, கூலிம், பாடாங் செராய், பீடோங், பாலிங் வட்டாரங்களில் இப்படி ஒருவரையாவது அறியாத தோட்டக் குடும்பம் குறைவு. மனுப் போட்டோம், பதில் வரவில்லை என்பதே பலரின் கதை.

2013ஆம் ஆண்டு முதல் தேங்கிக் கிடந்த 49,000க்கும் மேற்பட்ட குடியுரிமை விண்ணப்பங்களுக்கு முடிவு கண்டுவிட்டதாக உள்துறை அமைச்சு அறிவித்திருக்கிறது. அமைச்சர் டத்தோஸ்ரீ சைஃபுடின் நசுத்தியோன் நமக்குப் புதியவர் அல்லர். கூலிம்-பண்டார் பாருவின் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர். அறிவிப்பு வரவேற்கத்தக்கது. ஆனால் முடிவு என்றால் ஒப்புதல் என்று மட்டும் பொருளில்லை. நிராகரிப்புக் கடிதமும் ஒரு முடிவுதான். அந்தக் கடிதம் கிடைத்தவர்கள் மறுபடியும் வரிசையின் கடைசியில் போய் நிற்கிறார்கள்.

காத்திருப்பதில் உள்ள பெரிய ஆபத்து, இடையில் வயது வரம்பு தாண்டிவிடுவதும் சாட்சிகள் மறைந்துவிடுவதும்தான். ஆகவே யாருக்கு எந்தச் சட்டப் பிரிவு, எந்த வயதுக்குள் எதைச் செய்ய வேண்டும் என்பதைத் தெரிந்து வைத்திருப்பது அவசியம்.

கெடாவில் ஏன் இத்தனை பேர்?

தமிழகத்திலிருந்து கப்பலேறிய நம் முன்னோர் பெரும்பாலும் பினாங்கில் இறங்கித்தான் கெடா தோட்டங்களுக்கு வந்தார்கள். மூடா ஆற்றுக்குத் தெற்கே செபராங் பிறை. அது பினாங்கைச் சேர்ந்த பிரிட்டிஷ் குடியேற்றப் பகுதி. வடக்கே கெடா, சுல்தானின் ஆட்சிக்கு உட்பட்ட மலாய் மாநிலம். இரு கரையிலும் ஒரே ரப்பர் மரம், ஒரே லயம், ஒரே சம்பளம். சட்டம் மட்டும் வேறாக இருந்தது.

1948ஆம் ஆண்டு மலாயா கூட்டரசு உடன்படிக்கையின்படி, பினாங்கிலோ மலாக்காவிலோ பிறந்து இங்கேயே நிரந்தரமாக வசித்த பிரிட்டிஷ் பிரஜைகளுக்குக் குடியுரிமை தானாகவே கிடைத்தது. மலாய் மாநிலங்களில் பிறந்த தோட்டத் தமிழர்களுக்கோ, பெற்றோர் எங்கே பிறந்தார்கள், எத்தனை ஆண்டு வசித்தார்கள் என்ற கூடுதல் நிபந்தனைகள் இருந்தன. மனுப் போட்டுப் பெற வேண்டியவர்கள் பலர். வேலைக்காட்டை விட்டு ஒரு நாள் பட்டணம் போனால் அன்றைய சம்பளம் போகும். "இங்கேதானே பிறந்தோம், யார் நம்மைக் கேட்கப் போகிறார்கள்" என்று விட்டவர்களும் உண்டு.

கேட்கும் நாள் வந்தது. குடியுரிமை இல்லாதோர் வேலை செய்யப் பெர்மிட் எடுக்க வேண்டும் என்ற சட்டம் 1968இல் நிறைவேறியது. 1969 மே கலவரத்துக்குப் பின் அது கடுமையாக அமலானபோது பல்லாயிரம் தோட்டத் தொழிலாளர்கள் தமிழகத்துக்குத் திரும்பினார்கள். தங்கியவர்களில் பலர் சிவப்பு அட்டையோடு தங்கினார்கள். அந்தப் பாரம் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் வரை இறங்கியது.

பிறந்த தேதியைப் பாருங்கள்

சிவப்பு அட்டை வைத்திருக்கும் மூத்தவர்கள் முதலில் பார்க்க வேண்டியது பிறந்த தேதியும் பிறந்த இடமும்தான்.

31.8.1957க்கு முன் மலாயாவில் பிறந்தவர்கள், கூட்டரசு அரசியலமைப்பின் 16ஆவது விதியின் கீழ் மனுச் செய்யலாம். கடந்த ஏழு ஆண்டுகளில் மொத்தம் ஐந்தாண்டு இங்கே வசித்திருக்க வேண்டும், நன்னடத்தை வேண்டும், மலாய் மொழியில் ஆரம்ப நிலை அறிவு வேண்டும்.

31.8.1957 முதல் 1962 செப்டம்பர் இறுதிவரை மலாயாவில் பிறந்தவர்கள், சில அரிய விதிவிலக்குகள் நீங்கலாக, பெற்றோர் யாராக இருந்தாலும் சட்டப்படி குடிமக்கள். இது பலருக்குத் தெரியாது. இந்த ஐந்தாண்டுக்குள் தோட்டத்தில் பிறந்தும் சிவப்பு அட்டையோடு இருப்பவர், புதிதாகக் குடியுரிமை கேட்க வேண்டியவர் அல்லர். ஏற்கெனவே உள்ளதை உறுதிப்படுத்தச் சொல்ல வேண்டியவர். சந்தேகம் உள்ளவருக்குக் குடிமகன் என்று சான்றளிக்க அரசாங்கத்துக்கு 30ஆவது விதி அதிகாரம் தருகிறது.

1962 அக்டோபர் முதல் சட்டம் இறுகியது. இங்கே பிறந்தால் மட்டும் போதாது. பிறந்தபோது தாய் தந்தையரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருந்திருக்க வேண்டும். அல்லது பிறக்கும்போது வேறெந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாதவராக இருக்க வேண்டும்.

வெளிநாட்டில் பிறந்து வந்தவர்களுக்கும், இங்கே பிறந்ததை நிரூபிக்க முடியாதவர்களுக்கும் மிஞ்சுவது 19ஆவது விதி. 12 ஆண்டுகளில் 10 ஆண்டு வசிப்பு, போதிய மலாய் மொழி அறிவு என்று அதன் நிபந்தனைகள் கடினமானவை. சிவப்பு அட்டை வைத்திருந்த 60 வயதுக்கு மேற்பட்ட 3,407 இந்தியர்களுக்குக் குடியுரிமை வழங்க 2018இல் அரசாங்கம் முடிவெடுத்தது. அரசாங்கம் மனம் வைத்தால் மூத்தவர்களின் சிக்கலை மொத்தமாக அவிழ்க்க முடியும் என்பதற்கு அதுவே சான்று.

இன்றைய பிள்ளைகளின் சிக்கல்

இளையவர்களின் சிக்கல் பெரும்பாலும் திருமணப் பதிவில் தொடங்குகிறது. 1982 மார்ச் முதல் முஸ்லிம் அல்லாதோரின் திருமணங்களைப் பதிவு செய்வது சட்டப்படி கட்டாயம். கோயிலில் தாலி கட்டி, ஊரைக் கூட்டி விருந்து வைத்தாலும் பதிவு இல்லையென்றால் பிள்ளை திருமணத்துக்கு வெளியே பிறந்ததாகவே கருதப்படும். அப்போது தந்தையின் நீல அட்டை உதவாது. தாயின் நிலையே பிள்ளையின் நிலை. தாய் தாய்லாந்து, இந்தோனேசியா அல்லது இந்தியாவைச் சேர்ந்தவராகவோ ஆவணம் இல்லாதவராகவோ இருந்தால், பிறப்புப் பத்திரத்தில் 'புக்கான் வார்காநெகாரா' என்று விழுந்துவிடும்.

பிறகு பெற்றோர் திருமணத்தைப் பதிவு செய்தால் பிள்ளையின் குடியுரிமை தானாக மாறிவிடும் என்று எண்ண வேண்டாம். அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். தத்துப் பிள்ளைகளுக்கும் இதே நிலைதான். தத்துப் பத்திரம் கையில் இருப்பது மட்டும் குடியுரிமை ஆகாது.

பல குடும்பங்களுக்கு இது தெரியவருவது 12 வயதில் மைகார்டு எடுக்கப் போகும்போது. அதுவரை தமிழ்ப்பள்ளியில் மற்றப் பிள்ளைகளோடு படித்த பிள்ளைக்கு, அன்றுதான் தான் வேறு என்று தெரிகிறது. எஸ்.பி.எம். முடிந்ததும் மெட்ரிகுலேஷன், பி.டி.பி.டி.என். கடன், கடப்பிதழ், வங்கிக் கணக்கு என்று ஒவ்வொரு வாசலிலும் தடை.

இப்பிள்ளைகளுக்கு இரண்டு வழிகள் உண்டு. பெற்றோரில் ஒருவர் குடிமகனாக இருந்தால் 15(2)ஆவது விதி. மற்றச் சிறப்புச் சூழல்களுக்கு 15ஏ விதி. இரண்டுக்கும் 21 வயதுக்குள் என்பதே இதுவரை இருந்த வரம்பு.

கோப்பு எங்கே நிற்கிறது?

தேசியப் பதிவிலாகாவின் முகப்பில் மனுவை வாங்கிக்கொள்வார்கள். ஆவணச் சரிபார்ப்பு, நேர்காணல், பின்னணிச் சோதனை முடிந்து கோப்பு புத்ராஜெயாவுக்குப் போகும். முடிவு உள்துறை அமைச்சில் எடுக்கப்படும். சுங்கை பட்டாணியிலோ கூலிமிலோ முகப்பில் இருக்கும் அதிகாரிக்கு ஒப்புதல் தரும் அதிகாரம் இல்லை. அவரிடம் கோபப்பட்டுப் பயனும் இல்லை.

தாமதத்துக்கு நம் பக்கத்துக் காரணமும் ஒன்று உண்டு: பெயர். தோட்டத்துக் கிராணி காதில் விழுந்தபடி எழுதிய பெயர் ஓர் ஆவணத்தில் முனியம்மா, இன்னொன்றில் முனியம்மாள். அப்பாவின் பெயர் ஒன்றில் முழுதாக, மற்றொன்றில் பாதியாக. இரண்டும் ஒருவரே என்று சத்தியப் பிரமாணம் இணைக்காவிட்டால் கோப்பு அங்கேயே நின்றுவிடும்.

நிராகரிப்புக் கடிதத்தில் பெரும்பாலும் காரணம் இருக்காது. குடியுரிமை பற்றிய அரசாங்க முடிவை நீதிமன்றம் மறுஆய்வு செய்ய முடியாது என்று அரசியலமைப்பின் இரண்டாவது அட்டவணையே சொல்கிறது. ஆனால் ஒருவர் சட்டப்படி பிறப்பிலேயே குடிமகன் என்றால் அதை அறிவிக்கும்படி நீதிமன்றத்தைக் கேட்கலாம். பிறந்தவுடன் கைவிடப்பட்டுத் தத்தெடுக்கப்பட்ட ஒரு பிள்ளையைக் குடிமகன் என்று கூட்டரசு நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது.

21 இனி 18

2024 அக்டோபர் 17ஆம் நாள் மக்களவையில் 206 வாக்குகளோடு அரசியலமைப்புத் திருத்தம் நிறைவேறியது. வெளிநாட்டில் பிள்ளை பெறும் மலேசியத் தாய்மார்களும் தங்கள் குடியுரிமையைப் பிள்ளைக்குத் தரலாம் என்பது அதன் நல்ல பக்கம். இது நெடுநாள் போராட்டத்தின் வெற்றி. கைவிடப்பட்ட குழந்தைகளையும் எந்நாட்டுக் குடியுரிமையும் இல்லாதவர்களையும் பாதிக்கவிருந்த பகுதிகளை, எதிர்ப்புக்குப் பின் அரசாங்கம் அதே ஆண்டு மார்ச்சில் கைவிட்டது.

நம் தோட்டக் குடும்பங்களைத் தொடும் பகுதிகள் இரண்டு. ஒன்று, 15(2), 15ஏ விதிகளின் வயது வரம்பு 21இலிருந்து 18ஆகக் குறைகிறது. இன்னொன்று, 'நிரந்தரவாசி' என்ற சொல் நீக்கப்படுகிறது. இதுவரை பெற்றோரில் ஒருவர் சிவப்பு அட்டை வைத்திருந்தாலே, இங்கே பிறந்த பிள்ளைக்குக் குடியுரிமை உண்டு. திருத்தம் நடப்புக்கு வந்தபின் பிறக்கும் பிள்ளைகளுக்கு அந்த உரிமை இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 வயதில் சிக்கல் தெரிகிறது. ஆவணம் தேட இரண்டு ஆண்டு. பதிலுக்கு இரண்டு ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். நிராகரிப்பு வரும்போது பிள்ளைக்கு 16. மறு மனுவுக்கு மிஞ்சுவது இரண்டே ஆண்டு. அது தவறினால் 19ஆவது விதியின் நீண்ட வழிதான். எனவே 18 என்பதையே வரம்பாக எண்ணிக் காரியம் பார்ப்பதுதான் பாதுகாப்பு.

தோட்டம் போனால் சாட்சியும் போகும்

தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டு, தாமான்களும் தொழிற்சாலைகளும் எழுந்துவிட்டன. செக்ரோல் புத்தகம் எங்கே போனது என்று சொல்ல ஆளில்லை. பிரசவம் பார்த்த மருத்துவச்சியும், டிரஸ்ஸரும், கிராணியும் காலமாகி வருகிறார்கள்.

ஆகவே கிடைப்பதை இப்போதே சேர்த்து வையுங்கள். தமிழ்ப்பள்ளிச் சேர்க்கைப் பதிவு, பள்ளி விலகல் சான்றிதழ், கிளினிக் தடுப்பூசி அட்டை, பெற்றோரின் பழைய அடையாள அட்டை, தாத்தா பாட்டியின் கடப்பிதழ், தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்க அட்டை, இ.பி.எஃப். அறிக்கை என எதையும் தள்ளிவிட வேண்டாம். பிறப்பை நேரில் அறிந்த முதியவர் உயிரோடு இருந்தால், அவருடைய சத்தியப் பிரமாணத்தை உடனே பெற்றுவிடுங்கள்.

இலங்கை காட்டிய வழி

இலங்கை மலையகத் தமிழர்கள் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கும் பங்கு பிரித்தது. அதன் பின்னும் லட்சக்கணக்கானோர் பத்திரமின்றி நின்றார்கள். 2003இல் இலங்கை நாடாளுமன்றம் ஒரு புதிய சட்டத்தை ஏகமனதாக நிறைவேற்றியது. ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் துணையோடு அதிகாரிகள் தோட்டங்களுக்கே போனார்கள். ஏறத்தாழ 1,90,000 பேருக்குப் பத்தே நாளில் குடியுரிமை கிடைத்தது. அதே ரத்தம், அதே தோட்டம், அதே காணாமல் போன காகிதம். மூன்று தலைமுறை இங்கேயே வாழ்ந்ததற்கான உறுதிமொழியை ஆதாரமாக ஏற்கும் ஒரு முறை நம் நாட்டிலும் வரலாம்.

இங்கே 2011இல் மைடஃப்தார், 2017இல் மெகா மைடஃப்தார் இயக்கங்கள் நடந்தன. பதிவிலாகாவின் மெக்கார் நடமாடும் குழு உட்புறங்களுக்குப் போகிறது. மலேசியா டிஹெச்ஆர்ஆர்ஏ அமைப்பும் தீபகற்பத்தில் நாடற்ற இந்தியர்களைக் கண்டறிந்து உதவி வருகிறது.

இப்போது செய்ய வேண்டியவை

பிள்ளை பிறந்த 60 நாளுக்குள் பதிவு செய்யுங்கள். பதிவில்லாத திருமணத்தை, அடுத்த பிள்ளை பிறக்கும் முன் பதிவு செய்யுங்கள். பிறப்புப் பத்திரத்தில் குடியுரிமை நிலை என்ன எழுதியிருக்கிறது என்று இன்றே பாருங்கள். 12 வயதுவரை காத்திருக்க வேண்டாம்.

மனுவின் நகலையும் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். வீடு மாறினால் புதிய முகவரியைப் பதிவிலாகாவிடம் தெரிவியுங்கள். லயத்து முகவரிக்குப் போன கடிதம் திரும்பி வந்தால் நேர்காணல் தவறிவிடும். சில மாதங்களுக்கு ஒருமுறை எழுத்து மூலம் நிலவரம் கேளுங்கள். நிராகரிக்கப்பட்டால் எந்த விதியின் கீழ் மனுச் செய்தோம் என்று பார்த்து, வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தில் ஆலோசனை பெற்ற பிறகே மறு மனுப் போடுங்கள்.

ஆயிரக்கணக்கில் பணம் கேட்டு "உள்ளே ஆள் இருக்கிறது" என்பவரை நம்ப வேண்டாம். அவர் தரும் போலிப் பத்திரம் பிடிபட்டால், இருக்கும் சிவப்பு அட்டைக்கும் ஆபத்து.

கோயில் நிர்வாகங்கள், பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள், இளைஞர் மன்றங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வட்டாரத்தில் 18 வயதை நெருங்கும் ஆவணமற்ற பிள்ளைகளின் பட்டியலை முதலில் எடுங்கள். அடுத்து 60ஐத் தாண்டிய சிவப்பு அட்டைக்காரர்கள். இவ்விரு சாராருக்கும்தான் இனி நாள் குறைவு.