கட்டியவரிடம் கேட்போம், கட்டி முடித்தால் சொல்வோம்

ஒரு கல்யாணம் என்றால் நம் வீடுகளில் மஷூரா இல்லாமல் எதுவும் நடப்பதில்லை. பெரியவர்களைக் கூட்டி, சாப்பாட்டுக்கு எத்தனை சஹன் என்பது வரை பேசி முடிவு செய்கிறோம். அதைவிடப் பல மடங்கு பணம் போகும் காரியம் வீடு கட்டுவது. அதில் மட்டும் ஒவ்வொரு குடும்பமும் தனியாக இறங்கி, பக்கத்துத் தெருவில் போன வருடம் நடந்த அதே தவறை மறுபடி முதலிலிருந்து செய்கிறது.

இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. செலவான தொகையைச் சொன்னால் கண்ணேறு படும் என்ற தயக்கம் ஒன்று. ஏமாந்ததை வெளியே சொல்வது கேவலம் என்ற எண்ணம் மற்றொன்று. இதனால் நஷ்டப்படுவது அடுத்து வீடு கட்டப்போகும் குடும்பம்தான். பதினைந்து, இருபது வருடம் சபுரில் இருந்து சேர்த்த காசு லிண்டல் மட்டத்தோடு தீர்ந்துபோய், கம்பிகள் துருப்பிடித்து நிற்கும் வீடுகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

இன்னொரு உண்மையும் உண்டு. ஆண்கள் வெளிநாட்டில் இருக்க, வேலையை நின்று பார்ப்பது பெரும்பாலும் வீட்டுப் பெண்களும் வயதான வாப்பாமார்களும்தான். மேஸ்திரி சொல்வது சரியா என்று சரிபார்க்க அவர்களுக்கு வழி தெரிந்திருக்க வேண்டும். ஒருவருக்கொருவர் எதைக் கேட்கலாம், எதைச் சொல்லலாம், எதை அப்படியே பின்பற்றக் கூடாது என்பதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

சதுர அடி விலை: அடுத்த கேள்வியையும் கேளுங்கள்

"சதுர அடிக்கு என்ன ஆச்சு?" என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. பதிலாக வரும் எண்ணை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அந்த விலையில் என்னென்ன அடங்கியது என்று கேட்க வேண்டும். காம்பவுண்டு சுவர், செப்டிக் டேங்க், தண்ணீர்த் தொட்டி, போர்வெல், மின் இணைப்பு, அலமாரி, பெயின்ட் ஆகியவை சேர்ந்ததா, தனியா? போர்டிகோவையும் சன்ஷேடையும் மாடிப்படியின் மேல்கூரையையும் சதுர அடியில் சேர்த்து அளந்தார்களா? டைல்ஸ், கதவு, குழாய்ச் சாமான்களுக்கு என்ன விலை வரம்பு பேசினார்கள்?

ஒரே விலை சொன்ன இரண்டு ஒப்பந்தக்காரர்களிடம் இந்தக் கேள்விகளைப் போட்டால், ஒருவர் மற்றவரைவிடப் பல லட்சம் கூட என்பது தெரியவரும். கட்டி முடித்தவர்கள் தங்கள் ஒப்பந்தத் தாளைக் காட்டினாலே போதும். அடுத்தவர் தம் ஒப்பந்தத்தில் எதைச் சேர்க்க வேண்டும் என்று பார்த்துக்கொள்வார்.

பணம் கொடுக்கும் முறையும் பகிர வேண்டிய விஷயம். அஸ்திவாரம், பேஸ்மட்டம், லிண்டல், தளம், பூச்சு என்று கட்டம் கட்டமாகப் பிரித்து, முடிந்த வேலைக்குக் கொடுப்பதே பாதுகாப்பு. வேலையைத் தாண்டிப் பணம் முன்னால் போய்விட்டால், ஆளைத் திரும்ப வேலைக்குக் கூப்பிடும் பிடி நம் கையில் இருக்காது.

வீட்டிலிருந்தே சரிபார்க்கக்கூடிய கணக்குகள்

படித்த பிள்ளைகள் உள்ள எந்த வீட்டிலும் போடக்கூடிய கணக்குகள் இவை.

கம்பி: கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதே எண்ணால் பெருக்கி, 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 12 மி.மீ. கம்பிக்கு 144ஐ 162ஆல் வகுத்தால் ஏறத்தாழ 0.89 கிலோ. முழுக் கம்பி 12 மீட்டர் நீளம் என்பதால் ஒரு கம்பி சுமார் 10.7 கிலோ இருக்க வேண்டும். 8 மி.மீ. கம்பி சுமார் 4.7 கிலோ, 10 மி.மீ. சுமார் 7.4 கிலோ, 16 மி.மீ. சுமார் 19 கிலோ. தயாரிப்பில் சிறு ஏற்றத்தாழ்வுக்குத் தர விதிகள் இடம் தருகின்றன. வந்த கம்பிகளை எண்ணிப் பெருக்கிப் பாருங்கள். பில்லில் உள்ள எடைக்கும் இந்தக் கணக்குக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால், இறக்குவதற்கு முன்பே கேளுங்கள்.

மணல், எம்.சாண்ட், ஜல்லி: ஒரு யூனிட் என்பது 100 கன அடி. லாரியின் உள்நீளம், உள்அகலம், சரக்கின் உயரம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கி, 100ஆல் வகுக்க வேண்டும். நீளம் 14 அடி, அகலம் 7 அடி, உயரம் 3 அடி என்றால் 294 கன அடி, அதாவது மூன்று யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. நடுவில் குவித்தும் ஓரத்தில் சரித்தும் இருப்பார்கள். அதனால் ஒரு கம்பியை நாலைந்து இடத்தில் குத்தி அளந்து சராசரி எடுங்கள். ஈரமான மணல் உப்பி, அளவு கூடுதலாகக் காட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சிமென்ட்: மூட்டை 50 கிலோ. மூட்டையில் அச்சிட்ட வாரத்தையும் வருடத்தையும் பாருங்கள். மூன்று மாதத்துக்கு மேல் கிடந்த சிமென்டின் வலு குறைந்திருக்கும். தளத்துக்கு வழக்கமாகப் போடும் 1 : 1½ : 3 கலவையில் ஒரு மூட்டைக்கு 30 லிட்டருக்கு மேல் தண்ணீர் போகக் கூடாது என்பது இந்தியத் தர விதி. மணலில் உள்ள ஈரமும் இந்தக் கணக்கில் சேரும். அள்ளவும் பரப்பவும் சுலபம் என்பதற்காக வேலையாட்கள் வாளி வாளியாக ஊற்றுவது வழக்கம். தண்ணீர் கூடக் கூட கான்கிரீட்டின் வலு குறையும். மேற்பார்வைக்கு நிற்பவர் அன்று முழுவதும் கவனிக்க வேண்டிய ஒரே விஷயம் எது என்றால், அது இந்தத் தண்ணீர்தான்.

அவசரப்படக் கூடாத நாட்கள்

தளம் போட்ட மறுநாளிலிருந்து பாத்தி கட்டித் தண்ணீர் தேக்குகிறோம். எத்தனை நாள் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். சாதாரண சிமென்ட் என்றால் குறைந்தது 7 நாள், காய்ந்த வெப்பத்தில் 10 நாள். மூட்டையில் பி.பி.சி. என்று அச்சிட்ட சிமென்ட் என்றால் குறைந்தது 10 நாள், நம் ஊர் வெயிலில் 14 நாள் என்று வைத்துக்கொள்வதே நல்லது. தளத்தோடு தூண்களுக்கும் ஈரம் வேண்டும். சாக்கைச் சுற்றி நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

முட்டு பிரிப்பதிலும் அவசரம் ஆகாது. 4.5 மீட்டர், அதாவது ஏறத்தாழ 15 அடி வரை அகலமுள்ள அறையின் தளத்துக்குக் குறைந்தது 7 நாள், அதற்கு மேல் 14 நாள். பீம்களுக்கு 6 மீட்டர் வரை 14 நாள், அதற்கு மேல் 21 நாள். இவை சாதாரண சிமென்டுக்கான குறைந்தபட்ச அளவுகள். பி.பி.சி. மெதுவாகவே வலுப்பெறும் என்பதால் பொறியாளரைக் கேட்காமல் ஒரு முட்டையும் எடுக்க விடாதீர்கள். அடுத்த சைட்டுக்குச் சென்ட்ரிங் பலகை வேண்டும் என்று மேஸ்திரி அவசரப்படுத்தலாம். அது அவருடைய அவசரம்.

கீழக்கரை, காயல்பட்டினம், அதிராம்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் உள்ளவர்கள் இன்னொன்றையும் கேட்டறிய வேண்டும். உப்புத் தண்ணீரில் கலந்த கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடிக்கும். துரு கம்பியை உப்ப வைக்கும். சில வருடங்களில் தளத்தின் அடிப்பூச்சு பெயர்ந்து விழும். எந்தக் கிணற்றுத் தண்ணீரில் கட்டிய வீடு எப்படி இருக்கிறது என்பதைத் தெருவில் உள்ள மூத்தவர்களே சொல்வார்கள். இருந்தாலும் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிடுங்கள். கம்பிக்கும் கான்கிரீட்டின் வெளிமுகத்துக்கும் இடையே இருக்க வேண்டிய இடைவெளிக்குத்தான் கவர் பிளாக் வைக்கிறார்கள். சாதாரண இடங்களில் தளத்துக்கு 20 மி.மீ., தூணுக்கு 40 மி.மீ., அஸ்திவாரத்துக்கு 50 மி.மீ. என்பது வழக்கம். கடல் காற்று படும் இடத்தில் இதைவிடக் கூட வேண்டும். உடைந்த ஜல்லியைக் கம்பிக்கு அடியில் செருகுவது கவர் பிளாக் ஆகாது.

பக்கத்து வீட்டைப் பார்த்துச் செய்யக் கூடாதவை

எல்லா ஆலோசனையும் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் பொருந்தாது. "அவர் அஞ்சடி தோண்டினார், நமக்கும் அஞ்சடி போதும்" என்ற பேச்சு ஆபத்தானது. கரிசல் மண் மழையில் உப்பி, கோடையில் சுருங்கும். அதன் மேல் நிற்கும் சுவர் வெடிக்கும். மணற்பாங்கான இடத்துக்கு வேறு முறை வேண்டும். குளத்தை அல்லது பள்ளத்தை மண் கொட்டி நிரப்பிய மனைக்கு இன்னொரு முறை. ஒரே தெருவில் இரண்டு மனைகளின் மண் வேறுபடலாம்.

அஸ்திவார ஆழம், தூணின் அளவு, கம்பி எண்ணிக்கை, பீம் இல்லாமல் சுவரை எடுப்பது, கீழ்த்தளத்துக்கு மட்டும் போட்ட அஸ்திவாரத்தின் மேல் மாடி எழுப்புவது ஆகியவற்றைப் பொறியாளர் மட்டுமே தீர்மானிக்க வேண்டும். பக்கத்து வீட்டாரிடம் கேட்க வேண்டியவை வேறு. எத்தனை அடியில் கெட்டி மண் வந்தது? மழைக்காலத்தில் தண்ணீர் எதுவரை ஏறுகிறது? மண் பரிசோதனை செய்தார்களா? அந்தப் பதில்களை உங்கள் பொறியாளரிடம் கொண்டுபோங்கள்.

"மறுபடி கட்டினால் எதை மாற்றுவீர்கள்?"

கட்டி முடித்தவரிடம் கேட்கக்கூடிய மிகப் பயனுள்ள கேள்வி இது. "வீடு நல்லா வந்திருக்கா?" என்று கேட்டால் எல்லோரும் அல்ஹம்துலில்லாஹ் என்றுதான் சொல்வார்கள். எதை மாற்றுவீர்கள் என்று கேட்டால் மனதில் உள்ளது வெளியே வரும். உம்மாவுக்கு முட்டு வலி வந்த பிறகுதான் கீழ்த்தளத்தில் மேற்கத்திய கழிவறை இல்லாதது தெரிந்தது. விருந்தினருக்கென்று கட்டிய அறை வருடத்தில் பத்து நாள்கூடத் திறப்பதில்லை. மேற்குப் பார்த்த படுக்கையறையில் இரவு வரை சூடு இறங்குவதில்லை. மாடித் தொட்டியைக் கழுவ ஏற வழியில்லை. இப்படிப்பட்ட பதில்கள் வரும். இவற்றில் ஒவ்வொன்றையும் வரைபடத்தில் மாற்றிக்கொள்ளச் செலவு கிடையாது. கட்டிய பிறகு மாற்றினால் இடிக்க வேண்டிவரும்.

புதிதாகக் கட்டிய வீட்டை மட்டும் பார்க்காதீர்கள். கட்டி ஒரு வருடம் ஆன வீடு, ஐந்து வருடம் ஆன வீடு, பத்து வருடம் ஆன வீடு என்று மூன்றைப் பாருங்கள். புது வீட்டில் விலைவாசி தெரியும். ஐந்து வருட வீட்டில் ஒழுகலும் வெடிப்பும் தெரியும். பத்து வருட வீட்டில்தான் கம்பியும் குழாயும் எப்படி வேலை செய்தன என்பது தெரியும்.

செலவைக் குறைக்கும் யோசனைகளும் பகிரத் தக்கவை. இங்கிலாந்தில் பிறந்து கேரளத்தில் குடியேறிய கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் (1917–2007), சாதாரணக் குடும்பங்களுக்காகத் தம் கையாலேயே எழுதிப் படம் வரைந்து சிறு நூல்கள் வெளியிட்டார். செங்கலைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டு முறையை அவர் பரப்பினார். செங்கல் ஏறத்தாழ கால்பங்கு மிச்சமாகும், உள்ளே சூடும் குறையும். ஆனால் அந்த முறையில் பழகிய கொத்தனார் கிடைத்தால் மட்டுமே இதில் இறங்குங்கள்.

சொல்லும் முறை

நம் அனுபவம் அடுத்தவருக்கு உதவ வேண்டுமானால் அது எழுத்தில் இருக்க வேண்டும். ஒரு நோட்டு வாங்கி, தேதி, என்ன வேலை, எத்தனை ஆள், என்ன சாமான், என்ன விலை என்று அன்றன்றைக்கு எழுதுங்கள். பூச்சுக்கு முன், சுவருக்குள் ஓடும் குழாயையும் மின்பைப்பையும் அளவு நாடாவை வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் ஆணி அடிக்கவும் ஒழுகலைத் தேடவும் அந்தப் படம் கைகொடுக்கும்.

அனுமதி விஷயத்திலும் கேட்டறிவது நல்லது. தமிழ்நாட்டில் 2024 ஜூலை முதல், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் குடியிருப்புகளுக்குச் சுயசான்று முறையில் இணையவழியாக அனுமதி பெறலாம். அண்மையில் இதைப் பெற்றவரிடம் எந்தெந்த ஆவணம் கேட்டார்கள் என்று விசாரித்தால் அலைச்சல் குறையும். மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஒருவரைப் பற்றிச் சொல்லும்போது நடந்ததை மட்டும் சொல்வோம். "அந்த மேஸ்திரி திருடன்" என்பதால் கேட்பவருக்குப் பயன் இல்லை. அது வீண் பழியாகவும் முடியலாம். "லிண்டல் வரை முன்பணம் வாங்கினார், பிறகு ஆறு வாரம் வரவில்லை" என்று சொன்னால், கேட்பவர் தம் ஒப்பந்தத்தில் அதற்கு ஒரு வரி சேர்த்துக்கொள்வார். நல்ல வேலை செய்தவரின் பெயரையும் அதேபோலச் சொல்வோம். நேர்மையான கொத்தனாருக்கு அடுத்த வேலை கிடைப்பதும் நம் வாயில்தான் இருக்கிறது.

இந்த வருடம் வீடு கட்டி முடித்தவர்கள் உங்கள் நோட்டை அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள். அடுத்த தெருவில் மனை வாங்கியிருக்கும் குடும்பத்துக்கு ஒரு வாரம் இரவல் கொடுங்கள்.