அறுபதிலும் தூரிகை பிடிக்கலாம்: பாரதபுரம் காட்டும் வழி

"இந்த வயசுல, இந்தக் கையை வெச்சுக்கிட்டு படம் வரையறதா?" என்று தயங்குகிறீர்களா? அப்படின்னா செங்கல்பட்டு அருகே இருக்கும் பாரதபுரத்தைப் பற்றித் தெரிஞ்சுக்கோங்க.

தொழுநோயிலிருந்து குணமானவர்கள் குடும்பத்தோடு வாழும் குடியிருப்பு அது. ஆஸ்திரியக் கலைஞர் வெர்னர் டோர்னிக்கும், முன்னாள் குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமனின் மகளான சமூக சேவகர் பத்மா வெங்கட்ராமனும் 2005-இல் அங்கே 'பிந்து ஆர்ட் ஸ்கூல்' என்ற ஓவியப் பள்ளியைத் தொடங்கினார்கள். சேர்ந்தவர்களில் பலர் வயதானவர்கள். அதுவரை தூரிகையைத் தொட்டதே இல்லை. பின்னாளில் அவர்களுடைய ஓவியங்கள் சென்னையிலும் வெளிநாடுகளிலும் கண்காட்சிக்குப் போயின.

விரல் மடங்கிய கையால் எப்படி?

தொழுநோய்க் கிருமி நரம்பைத் தாக்குகிறது. அதனால் கையில் உணர்ச்சி குறையும், விரல்கள் மடங்கும். கூட்டு மருந்து சிகிச்சை கிருமியை அழித்துவிடும். ஆனால் ஏற்கெனவே கெட்டுப்போன நரம்பு பெரும்பாலும் பழையபடி திரும்பாது. தூரிகைக் காம்பில் துணி சுற்றித் தடிமனாக்கினால் பிடிப்பது எளிது. மணிக்கட்டோடு பட்டை போட்டும் கட்டிக்கொள்ளலாம். ஒரு எச்சரிக்கை: உணர்ச்சியில்லாத கையில் புண் வந்தாலும் வலிக்காது. வேலை முடிந்ததும் கையை ஒருமுறை நன்றாகப் பாருங்கள்.

தோலில் உணர்ச்சியற்ற தேமல் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்க. சிகிச்சை இலவசம், 6 அல்லது 12 மாதம். தாமதித்தால் இழப்பது விரல்களை. குணமானவர் பக்கத்தில் உட்கார யாரும் பயப்பட வேண்டியதில்லை.

உங்களுக்கான சேவைகள்

- அடையாள அட்டை: 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. தொழுநோயிலிருந்து குணமானவர்களும் இதில் அடக்கம். யுடிஐடி அட்டைக்கு 'ஸ்வாவலம்பன்' இணையதளத்தில் மொபைலிலேயே விண்ணப்பிக்கலாம். ஆதார், புகைப்படம் வேண்டும். கையெழுத்துப் போட முடியாதவர்கள் ரேகை வைக்கலாம். பிறகு அரசு மருத்துவமனையில் பரிசோதனை நடக்கும்.

- பராமரிப்பு உதவித்தொகை: தகுதியுள்ள தொழுநோய் பாதித்தோருக்கு மாதம் ரூ.2,000. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகுங்கள்.

- தொழில் கடன்: மாமல்லபுரம் கற்சிற்பம் 2017-இல் புவிசார் குறியீடு பெற்ற கலை. சிற்பம் உள்ளிட்ட கைத்தொழில்களுக்குக் 'கலைஞர் கைவினைத் திட்டம்' ரூ.3 லட்சம் வரை கடன் தருகிறது. 25 சதவீத மானியம், அதிகபட்சம் ரூ.50,000. கவனிங்க, இதற்குக் குறைந்தபட்ச வயதே 35! மற்ற நிபந்தனைகளை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். அட்டையும் கடனும் யாரையும் கலைஞராக்கிவிடாது. பாரதபுரத்துக்காரர்களுக்குக் கிடைத்தது, "உங்களால் முடியும்" என்று நம்பி வண்ணங்களைக் கையில் கொடுத்த இருவர். உங்கள் வீட்டிலோ தெருவிலோ அப்படி ஒருவர் தயங்கி நின்றால், அவருக்காக இன்றே மொபைலை எடுங்கள். விண்ணப்பத்தை நீங்களே பூர்த்தி செய்து கொடுங்கள்.